மலை சுற்றுகிற பக்கம்

என் பெரிய சகலைக்கு,

அங்கேயும் என்மேல் கோபமாக இருக்கிறீர்களா, இல்லை சிரித்துவிட்டு மறந்துவிட்டீர்களா? எதுவாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் வேங்கிக்கால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றதே, வெட்டலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் நிழல் போய்விடும் என்று தடுத்தீர்களே, அது வெள்ளிக்கிழமை காலை மழையில் வேரோடு சாய்ந்துவிட்டது. நேராகச் சமையலறைமேல். ஓட்டுக் கூரையும் உத்தரமும் சரிந்து, அடுப்படியில் நின்ற கஸ்தூரி அண்ணியின் காலை அமுக்கிவிட்டன. உங்கள் சம்சாரம் உள்ளே, மரம் மேலே.

என் வீட்டுக்காரி வசந்தா, தன் அக்காவை நினைத்து வாயில் அடித்துக்கொண்டு அழ, நான் நம் மரம் அறுக்கிற மிஷினையும் டூல்ஸ் பெட்டியையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தேன். தீயணைப்பு வண்டி கீழ்பென்னாத்தூர் ரோட்டில் விழுந்த வேறொரு மரத்துக்குப் போயிருந்தது. அக்கம்பக்கத்தார் கோடாலியால் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் உத்தரம் அதிர்ந்து இன்னும் கீழே இறங்க, அண்ணி போட்ட கூச்சலில் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மிஷின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அடிமரத்தில் பாதி அறுத்திருப்பேன். நீங்கள் கேட்டுச் சலித்த அதே கூத்து: சூடு ஏறினதும் தானாக வீலென்று கத்தி, பொசுக்கென்று நின்றுவிட்டது. ஆறவிட்டு மறுபடி கிளப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. பாதி அறுபட்ட மரம் முறுக்கிக்கொண்டு முனகியது. மழை வேறு மறுபடி பிடித்தது.

"தம்பி, நின்னுடுச்சா?" என்று சுவர் இடிபாட்டுக்குள்ளிருந்து அண்ணி கேட்டார்.

அந்த மிஷின் ஏன் நிற்கிறது என்று திருவண்ணாமலையிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் செத்துப்போய்விட்டார். இன்னொருவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் நாம் இருவரும் அதைப் பிரித்தது நினைவிருக்கிறதா? தேய்ந்த பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றினோம், அப்படியும் நின்றது. "கிளட்சுக்குப் பின்னாடி இருக்கிற ஆயில் சீல் கட்டையாயிடுச்சி சகலை, காத்து இழுக்குது, அதையும் மாத்தணும்" என்றீர்கள். மெட்ராஸுக்கு ஆள் விட்டுப் புது சீல் வரவழைத்ததும் நீங்கள்தான். கிளட்சைக் கழற்றும்போதுதான் சண்டை வந்தது. "இதோட மரை தலைகீழா இருக்குய்யா. மலை சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும்" என்றீர்கள். "உங்களுக்கு எதைத் தொட்டாலும் மலைதானா? உலகத்துல எல்லா போல்ட்டும் இடப்பக்கம்தான் கழலுது" என்று நக்கலடித்துவிட்டு, ஸ்பேனரில் பைப்பை மாட்டி என் பலத்தையெல்லாம் போட்டேன். அது கழலவில்லை, இறுகியது. அப்புறம் நீங்கள் எந்தப் பக்கம் திருப்பியும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் அழுக்கைத் துடைத்தபோது கிளட்சிலேயே அம்புக்குறி இருந்ததைப் பார்த்தேன். வலப்பக்கம். பார்த்தும் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குப் போய், "பெரிய சகலை கிளட்சை இறுக்கிக் கெடுத்துட்டாரு, இனி அவரோட தொழில் சரிப்படாது" என்று வசந்தாவிடம் சொன்னேன். ஊருக்கும் அதையே சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மிஷினை என்னிடமே விட்டுவிட்டு, ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகச் சேர்ந்தீர்கள். ஆடியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேரும்வரை நாம் பேசிக்கொள்ளவில்லை. ஏன் சகலை மறுக்கவில்லை? அந்த ஒரு கேள்விக்காகவே உங்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிவைத்த புது சீல், டூல்ஸ் பெட்டியின் அடியில் அப்படியே கிடந்தது. அங்கேயே, ஒரு தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து பிரித்தேன். பிளேடையும் செயினையும் கழற்றினேன். பிஸ்டன் நகராமலிருக்க ஸ்பார்க் பிளக் ஓட்டையில் நைலான் கயிறு திணித்தேன். ஸ்பேனரை மாட்டிச் சுத்தியலால் அடித்தேன். அசையவே இல்லை. "கழல மாட்டேங்குதே, பெரிய சுத்தி யாராவது குடுங்கய்யா!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. வலியில் விட்டு விட்டு வந்தது.

"தம்பி... எந்தப் பக்கம் திருப்புறீங்க? மலை சுத்துற பக்கம் திருப்புங்க. அன்னைக்கும் இப்படித்தானே எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கி வெச்சீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பாழாய்ப்போன பழக்கத்தில் மறுபடியும் இடப்பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அதைவிட, அண்ணிக்கு எல்லாம் தெரியும். நாம் பேசாமலிருந்த நாளிலும், ஒரு வருஷமாகத் தெரிந்தே எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

ஸ்பேனரைத் திருப்பி மாட்டினேன். முதல் அடியில் அசையவில்லை, நான் இறுக்கிய இறுக்கம் அப்படி. ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ, படக்கென்று விட்டது. பழைய சீல் கல்லாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்துவிட்டுப் புதியதைக் குழாய்த் துண்டால் தட்டி உட்காரவைத்தேன். அதற்குள் அண்ணியின் சத்தம் நின்றிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. எல்லாவற்றையும் பூட்டிக் கயிற்றை இழுத்தபோது உங்கள் பெயரைச் சொல்லித்தான் இழுத்தேன், சாமி பெயரைக்கூடச் சொல்லவில்லை.

நிற்கவில்லை சகலை. அடிமரம் துண்டாகிற வரைக்கும், மேலே கிடந்த இரண்டு பெரிய கிளைகள் துண்டாகிற வரைக்கும் நிற்கவில்லை. ஆள் சேர்ந்து உத்தரத்தைத் தூக்க, நான் அண்ணியை வெளியே இழுத்தேன். மழைத் தண்ணீர் முகத்தில் பட்டதும் கண்ணைத் திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. நடந்துவிடுவார் என்கிறார்கள். நேற்று ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கம் உட்கார்ந்து கேட்டேன், "உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாரு. 'உன் தங்கச்சிகிட்ட வாயைத் தொறக்காதே, வீட்டுல சகலைக்கு மரியாதை கம்மியாயிடும்'னாரு. எனக்குத்தான் பொறுக்கல. மரத்தடியில மாட்டுன வலியில வாயில வந்துடுச்சி தம்பி, மனசுல வெச்சிக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் சகலை! நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இதை எழுதிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். வசந்தா அங்கே இருக்கிறாள், உங்கள் லாட்ஜ்காரர்களும் பார்க்க வருகிறார்களாம். எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன், கிளட்சை இறுக்கியது நான் என்று. என் மரியாதை கம்மியானால் ஆகட்டும். ஒரு வருஷம் அதை நீங்கள் சுமந்தது போதும், இனி நானே சுமக்கிறேன்.

எதிர்ப்பக்கம் திருப்பிய,
உங்கள் சின்ன சகலை
பச்சையப்பன்