ஊசி மிதக்கிறது!

கண்ணு,

சாப்பாட்டு மேசையை ஆட்டிவிடாதே. கிண்ணத்துத் தண்ணீரில் என் தையல் ஊசி மிதந்துகொண்டிருக்கிறது!

தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் மேற்பரப்பு தோல்போல் நின்று ஊசியைக்கூடத் தாங்கும் என்று நேற்று அறிவியல் புத்தகத்தோடு வந்து சொன்னாய். "முப்பது வருஷமா ஊசி பிடிக்கிறேன், எனக்கே கதை விடுறியா?" என்று துணி தைக்கக் கொடுக்க வந்தவர் முன்னால் சிரித்துவிட்டேன். நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய். நானும் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

இன்று காலை பதினோரு தடவை மூழ்கியது. பிறகு ஊசியை ஈரம் போகத் துடைத்து, தலைமுடியில் தேய்த்து, மெல்லப் படுக்கவைத்தேன். நின்றுவிட்டது! நேற்று என்னோடு சேர்ந்து சிரித்தவர் சட்டை வாங்க வந்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து காட்டினேன். "என் பொண்ணு சொன்னா, நான்தான் நம்பலை," என்றேன். மனுஷன் குனிந்து குனிந்து பார்த்தார்.

பொத்தான் வாங்கப் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் சூடாக இருக்கிறது. இன்றைக்காவது வயிறாரச் சாப்பிடு.

அப்பா

பி.கு.: சோப்புக் கையோடு தண்ணீரைத் தொடாதே. முதலில் மிதந்த ஊசி அப்படித்தான் சட்டென்று மூழ்கியது; இது தண்ணீரை மாற்றி மறுபடி மிதக்கவிட்டது. இது உன் புத்தகத்தில் இருக்கிறதா, இல்லை நானே கண்டுபிடித்ததா? வந்ததும் சொல்.