தூறலில் முளைத்த நெல்

நெற்குப்பை,
ஐப்பசி, 1974

மச்சானுக்கு ஸலாம்.

கண்மாய் வறண்டுதான் கிடக்கிறது. மழை வரும்வரை மண்ணுக்குள் தூங்கட்டும் என்று புழுதியிலேயே நெல்லை விதைத்திருந்தோம்.

ஒரே ஒரு தூறல் போட்டது. நெல் முளைத்துவிட்டது. பிறகு வந்த மேகமெல்லாம் ஈரமிருக்கும் திருக்கோஷ்டியூர்ப் பக்கமே போய்ப் பெய்கிறது. "காஞ்ச மண்ணு அனலடிச்சு மேகத்த வெரட்டுது. ஈரங்கெடந்தாத்தான் இங்குட்டு மழை எறங்கும்" என்று உங்கள் உம்மா புலம்புகிறார்கள். முளையெல்லாம் கருகிவிட்டது. தூறாமலே இருந்திருந்தால் விதையாவது மிஞ்சியிருக்கும்.

போன தடவை நீங்கள் பினாங்குக்குத் திரும்பியபின் மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் 'வாப்பா எங்கே' என்று கேட்காமல் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் லீவில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கேயே இருப்பதானால் வாருங்கள். பத்து நாளுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி