ஐஸ் வண்டி நின்ற இடம்

அன்பு மகள் மாரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் பனி விழுவதற்கு முன்பே முனக ஆரம்பித்துவிடுகிறது. அங்கே அரிசோனா வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஏரி உறைந்துவிட்டது, அரங்கில் பிள்ளைகளின் ஹாக்கியும் தொடங்கிவிட்டது. நான் வழக்கம்போல் கோகோ விற்கிறேன், அப்பா ஐஸை வழவழப்பாக்கும் அந்தப் பெரிய வண்டியை ஓட்டுகிறார். "உன் பொண்ணு இன்னும் ஆம்புலன்ஸ் பின்னாலதான் ஓடுறாளா?" என்று, அடிபட்டவர்களுக்காக நீ வழக்காடுவதை வைத்து என்னைக் கிண்டலடித்த அதே வாய்கள் இப்போது "மாரிட் எப்ப வர்றா?" என்று கேட்கின்றன. எல்லாம் ஜோலீன் மகள் ப்ரிட்டாவுக்கு அடிபட்டதிலிருந்துதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஐஸைச் சுற்றி அடித்திருக்கிற பலகையில் தலை மோதி விழுந்தாள். எழுந்ததும் எல்லாப் பிள்ளைகளும் மட்டையால் ஐஸைத் தட்ட, சனம் கைதட்ட, அந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தக் குழந்தைதான் எனக்கு முடியவில்லை என்று சொல்லும்? பயிற்சியாளர் டேல் "ஒண்ணுமில்லைல?" என்று கேட்டாராம், இவள் தலையாட்டினாளாம், திரும்ப இறக்கிவிட்டார். மறுபடி விழுந்தாள். இப்போது திரை போட்ட அறையில் கிடக்கிறாள், வெளிச்சம் தாங்கவில்லை, காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டுமா, பதினாலு வயதில் தோள் எலும்பு உடைந்தும் அந்தத் தட்டலுக்காகத்தானே நீயும் எழுந்து ஆடினாய். அந்தத் தோள்தான் உன்னை வக்கீலுக்குப் படிக்க வைத்தது என்று எனக்குத் தெரியும்.

அடிபட்டால் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தானே பிள்ளைகளை அனுப்புகிறோம், அப்புறம் ஜோலீன் ஹாக்கிச் சங்கத்தின் மேல் என்ன வழக்குப் போடுவது என்று இங்கே ஒரே பேச்சு. "விளையாட்டுன்னா அடிபடும், அதுக்குத்தாம்மா கையெழுத்து. அடிபட்ட புள்ளைய மறுபடி இறக்கிவிடுறதுக்கு இல்ல" என்று நீ போனில் சொன்னதைக் கடையில் நின்று சத்தமாகவே சொன்னேன். ஜோலீன் வழக்குக்கு நீதான் வேண்டும் என்றபோது அந்தப் பிள்ளை கிடக்கிற கிடையில் எனக்குச் சந்தோஷம் வந்தது, கடவுள் மன்னிக்கட்டும், மூன்று குளிர்காலம் உன் முகம் பார்க்காதவள் வேறு என்ன செய்வேன். உன் போர்வையை உதறி விரித்தேன். அப்புறம் நீ, "அப்பா அந்தச் சங்கத்து நிர்வாகத்துல இருக்கார், கண்ணால பாத்த சாட்சி வேற. அவரை எதிர்த்து நான் எப்படிம்மா நிக்கிறது?" என்று டுலூத் நகரத்தில் உள்ள வக்கீல் சிநேகிதியிடம் வழக்கை ஒப்படைத்துவிட்டாய். நியாயம்தான். போர்வையை மடித்துவைக்கும்போது அழுதேன்.

அப்பாவும் டேலும் எத்தனை வருடச் சிநேகம், அதனால் மனுஷர் வாயே திறக்காமல் இருந்தார். போன சனிக்கிழமை இன்னொரு சின்னப் பெண் விழுந்து எழுந்தாள், தட்டல் தொடங்கியது, டேல் அவளை ஆடச் சொல்லிக் கைகாட்டினார். அப்பா கதவைத் திறந்து, ஆட்டத்தின் நடுவிலேயே வண்டியை ஓட்டிப்போய் மைதானத்து மத்தியில் நிறுத்தி அணைத்துவிட்டார்! "ஆர்னி, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். "புள்ளைய டாக்டர் பாக்கட்டும், அதுவரைக்கும் வண்டி நகராது" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டல் நின்றது. அந்தப் பெண் அப்படியே ஐஸில் உட்கார்ந்து, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது என்று அழுதாள். திங்கட்கிழமை அப்பா டுலூத்துக்குப் போய், பார்த்ததை எல்லாம் உன் சிநேகிதியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

டேல் இப்போது மீன்பிடிக்க வருவதில்லை. உறைந்த ஏரி மேல் போட்டிருக்கிற குடிசையில், ஐஸில் துளை போட்டு, அப்பா தனியாகத்தான் தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் நல்லா இருக்கேன் என்று தலையாட்டுகிறார், ப்ரிட்டா ஆட்டினாளே அதே மாதிரி. வக்கீலாக வர முடியாது என்றாய், சரி கண்ணு, மகளாக வர யாரைக் கேட்க வேண்டும்? வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம், அவருக்கும் சேர்த்து நானே சத்தியம் செய்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். தடித்த பூட்ஸ் மறக்காதே, குடிசையில் உன் பழைய முக்காலி அப்படியே இருக்கிறது.

போர்வையை மறுபடி விரித்துவிட்ட
உன் அம்மா லொரெய்ன்