அம்மா மடியில் இருப்பவன்

4 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

நலம். முட்டிவலி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

குடும்ப வரலாற்று இணையதளத்தில் நம் வீட்டுப் பக்கத்தை நீதானே பார்த்துக்கொள்கிறாய், அதனால் கேட்கிறேன். அம்மா பெரியவனுக்குப் பால் கொடுக்கும் படத்தைப் போன வாரம் ஏற்றினேன். மறுநாளே காணோம். 'ஆபாசப் படம், நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. எது ஆபாசம்? என் அம்மாவா? முறையிட்டு எழுதினேன். அனுப்பிவிட்டுக் கையை எடுப்பதற்குள் அதே வரி திரும்பி வந்தது. மனுஷன் படித்தால் அத்தனை சீக்கிரம் பதில் வருமா? எல்லாம் எந்திரம்.

பெரியவன் எனக்கு அடுத்துப் பிறந்து, பத்து நாளுக்குள் போய்விட்டவன். நீ அவனைப் பார்த்ததில்லை. அவன் இருந்தான் என்பதற்கு இந்த ஒரு படம்தான். "குழந்தை பசியாறட்டும், காத்திருக்கேன்" என்றார் படம் பிடிக்க வந்தவர். "அவன் குடிக்கறதே அபூர்வம். அப்படியே எடுங்க" என்றார் அப்பா. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

எப்படியாவது மீட்டுக் கொடு.

அக்கா


15 மார்ச்

அன்புள்ள அக்கா,

முதலில் மாத்திரையைப் போட்டுக்கொள், அப்புறம் படி.

எந்திரத்திடம் நியாயம் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. எனக்கு இரண்டு பொத்தான் காட்டியது: 'தவறை ஒப்புக்கொள்கிறேன்', 'மறுக்கிறேன்'. மறுத்தால், விசாரணை முடியும்வரை பக்கம் முழுவதையும் பூட்டிவிடுவார்களாம். சித்தப்பா வீட்டார் ஏற்றிய கல்யாணப் படங்களும் சேர்ந்து போய்விடும். அதனால் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பெரியவன் பெயருக்கு மேல் படம் போடும் கட்டம் காலியாகக் கிடந்தது, பார்க்க நன்றாக இல்லை. ஸ்வெட்டர் போட்ட என் கைக்குழந்தைப் படத்தை அங்கே போட்டேன். எந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே ஜாடைதானே, யாருக்குத் தெரியப்போகிறது?

உன் ஒரே தம்பி


24 மார்ச்

தம்பிக்கு,

அன்பு என்று எழுதக் கை வரவில்லை.

வயிறு எரிகிறது. பெற்றவள் பால் கொடுத்தது தப்பு என்று உன் கையாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறாய். அழுத்தும்போது விரல் கூசவில்லையா? யாருக்குத் தெரியும் என்கிறாய். எனக்குத் தெரியும். அவனை மடியில் வைத்திருந்தவள் நான். இப்போது அவன் பெயருக்கு மேல் உன் கொழுகொழு முகம் சிரிக்கிறது. செத்தவனுக்கு ஒரு கட்டம்கூடச் சொந்தமில்லை. இதில் 'ஒரே தம்பி' என்று கையெழுத்து வேறு!

எந்திரத்தின்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. அதை யாரும் பெறவில்லை, பால் கொடுக்கவில்லை. உனக்கு என்ன வந்தது?

உன் படத்தை எடு. எடுக்கும்வரை எனக்கு எழுதாதே.

அக்கா


2 ஏப்ரல்

அக்கா,

எடுத்துவிட்டேன். தளத்தின் நீக்கிய பட்டியலில் கிடந்த அம்மா படத்தைத் திரும்ப ஏற்றினேன். மறுபடி அதே கேள்வி வந்தது. 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினேன். சொன்னபடியே எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள்.

சித்தப்பா மகன் போனில் கிழி கிழி என்று கிழித்தான். "ஒரு படத்துக்காக மொத்தத்தையும் தொலைச்சிட்டியேடா!" என்றான். "பெரியம்மா படம் ஆபாசம்னு உன் வாயால சொல்லு பார்ப்போம்" என்றேன். வைத்துவிட்டான். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

உன்னிடம் இருக்கும் அசல் படத்திலிருந்து பெரிதாக ஒரு பிரதி போட்டு அனுப்பு. ஹாலில் மாட்டப்போகிறேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும்.

உன் இரண்டாவது தம்பி