‘போய்ட்டு வாங்க’ என்று சொன்ன பெண்

ராயபுரம்
9-12-1955

அன்பு மகள் குணசுந்தரிக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பி தண்டபாணியும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். பம்பாய்ச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது, இருமல் நின்றுவிட்டது என்ற நல்ல சேதி உன்னிடமிருந்து வரும் என்று நம்பிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். இங்கே ஒருவழியாக மழை விட்டது, தெருவில் நின்ற தண்ணீர்தான் இன்னும் போகவில்லை. தம்பி வியாசர்பாடிப் பையன்களோடு பந்தாடிக் கால் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தான், அம்மா ஒரு கையால் மஞ்சள் பற்றுப் போட்டு மறு கையால் முதுகில் ஒன்று வைத்தாள். அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள் என்றால் நீ வந்து தேய்த்தால்தான் கேட்கும் என்கிறாள். எனக்குத் துறைமுகத்தில் அதே கிரேன் கூண்டுதான், பகலில் மூட்டை இறக்குகிறேன், வீட்டுக்கு வந்து கதை எழுதுகிறேன்.

உன் ஹாஸ்டல் பெண்கள் என் ‘விண்விருந்தாளி’ தொடர்கதையை வாராவாரம் படிக்கிறார்கள், உங்க அப்பாவுக்கு இப்படி ஒரு கதை எங்கேயிருந்து கிடைத்தது என்று உன்னைக் குடைகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேடிக்கை என்னவென்றால் பத்திரிகை ஆசிரியரும் ஆண்டு மலருக்கு, அது எனக்குக் கிடைத்த விதத்தைத்தான் எழுதித் தரச் சொல்கிறார். நான் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று அவருக்கு ஒரு சந்தேகம். வேறு நட்சத்திரத்திலிருந்து ஒருத்தி வந்து ஒரு கூலிக்காரன் வீட்டில் தங்குகிறாள், அவள் இருக்கிறவரை அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, தலை வாரக் கூடாது, அவள் தொட்ட இடமெல்லாம் உடம்பில் தடம் விழும் என்று எந்த இங்கிலீஷ்காரன் எழுதியிருக்கிறான், நீயே சொல்லு. அவளை எனக்குக் கொடுத்தது நீதானம்மா. உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு ஆறு வயது.

உனக்குப் பெரியம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தி, உன்னை வாழையிலையில் கிடத்தியிருந்தோம். பக்கத்து வீட்டுக் கெங்கம்மா காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, குளித்துவிட்டுத்தான் உன்னைத் தொடுவாள். யாரும் நோய் என்று வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை, அம்மனே வந்திருக்கிறாள் என்றுதான் பேச்சு. உனக்கு உடம்பு எப்படி என்று கேட்க வேண்டுமானால், அம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் வாசலில் நின்று கேட்பார்கள். நீ படுத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டு, நம் வீட்டுக்கு யாரோ பெரிய மனுஷி வந்து தங்கியிருக்கிறாள், நமக்குத்தான் கண்ணில் படவில்லை என்று முடிவு செய்துவிட்டாய். எனக்கு அப்போது நீ பிழைப்பாய் என்ற நம்பிக்கையே இல்லை. கிரேன் மேலே உட்கார்ந்து, யாருக்கும் தெரியாது என்று அழுவேன்.

எப்படியோ அம்மை இறங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளன்று கெங்கம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை உன் தலையில் ஊற்றிக்கொண்டே, சிரிச்சிக்கினு வந்தா மாதிரி சிரிச்சிக்கினே போய்டு தாயே என்று வேண்டினாள். நீ கைகூப்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சொல்வது போல, போய்ட்டு வாங்கம்மா என்றாயே பார்க்கலாம்! கெங்கம்மா சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். அடிப்பாவி, இன்னா வார்த்த சொல்ட்டே, அவள வான்னு கூப்புடலாமா, வராதேன்னு சொல்லுடி என்று உன் வாயைப் பொத்துகிறாள். நீ அந்தக் கையை விலக்கிவிட்டு, வூட்டுக்கு வந்தவங்கள அப்டி சொல்லக் கூடாதுன்னு நைனா சொல்லிக்கீறாரு என்றாய். எத்தனை மிரட்டியும் மாற்றிச் சொல்லவில்லை. ராத்திரி என்னிடம், அவங்க ஊரு எங்க கீது நைனா, தனியாவா போவாங்க, அங்க நம்ம ஆர்பர் மாதிரி கப்பல் நிக்குமா என்று கேட்டாய். முகத்தில் ஏன் இப்படிக் குழி வைத்துவிட்டுப் போனாள் என்றும் கேட்டாய். மறுபடி வரும்போது நம் வீடு அடையாளம் தெரிய வேண்டாமா என்று சொல்லி வைத்தேன். அன்று சொல்ல ஆரம்பித்ததைத்தான் இத்தனை வருஷம் கழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ வா என்று கூப்பிட்டதால்தான் அவள் என் கதையில் வாராவாரம் திரும்பித் திரும்பி வருகிறாள். கெங்கம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னும் எத்தினி வாரம் அவள வூட்ல வெச்சிக்கினு இருப்பே, அனுப்பிவுடு என்று என்னிடம் சண்டைக்கு வருகிறாள்.

இதை மலரில் எழுதலாமா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். உன் முகத்தைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை பிறந்த கதையை எழுத முடியாது. நீ வேண்டாம் என்றால் ஆசிரியர் இங்கிலீஷ் புத்தகம் என்றே நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆவணியில் உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, போய்ட்டு வரோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள், அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவர்கள் கிடக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு சென்ட்ரலில் பம்பாய் வண்டி ஏறும்போது நீ, போறேன் நைனா என்று மட்டும் சொன்னாய். அம்மைக்கே வா என்று சொன்ன பெண், பெற்றவர்களிடம் வரேன் என்று சொல்லவில்லை. அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். டெலிபோன் வேலையில் யாருக்கும் என் முகம் தெரியாது, அதனால்தான் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும் குணா. தினமும் தேடுகிறது.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பதில் கடிதத்தின் கடைசியில் மறக்காமல் ‘வரேன்’ என்று ஒரு வார்த்தை எழுது. இதுவரை வந்த கடிதங்களில் நீ அதை எழுதவில்லை. அம்மாவுக்குப் படிக்கும்போது நானே சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கே கதை விடுகிறவன்தான், ஆனால் அந்த ஒரு வார்த்தை வரும்போது குரல் தடுக்கிறது, அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

போய்ட்டு வாம்மா. அன்றைக்கு வண்டிச் சத்தத்தில் சொல்ல முடியவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும் நைனா,
கோதண்டம்