கடைக்குப் போயிருக்காக

என் இசக்கிக்கு,

எங்க காஞ்சிபுரத்துப் பேச்சுலயே எழுதறேன். உன் திருநெல்வேலிப் பேச்சு எனக்கு நல்லா வரும்னு உனக்கே தெரியும், வினையே அதுதான். அதுல ஒரு வரி எழுதக்கூட எனக்கு யோக்கியதை இல்ல. இதை நாலு பேரு படிச்சா படிக்கட்டும். கடையில நாலு பேரு எதிர்லதானே உன்னை அசிங்கப்படுத்தினேன்? மன்னிப்பை மட்டும் ரூமைச் சாத்திக்கினு கேட்டா எப்படி?

நீ போயி ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. செவிலிமேட்டு வீட்டுலயேதான் இருக்குறோம், நானும் கயலும் எங்கம்மாவும். கயலுக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சு. மூக்கு உன்னுது. பிடிவாதம் யாருதுன்னு கேக்காத.

நானும் அதே பட்டுக்கடைதான், உக்காந்து புடவை பிரிச்சுக் காட்டற அதே மெத்தைதான். எங்க வேலைக்குக் கையவிட வாய் முக்கியம்னு நீயே கிண்டல் பண்ணுவ. கோயம்புத்தூர்க்காரங்க வந்தா "வாங்கம்மிணி, என்னங்க பாக்கறீங்க"ன்னு ஆரம்பிப்பேன். தெலுங்குக்காரங்கன்னா "ரண்டம்மா, கூச்சோண்டி". சொந்த ஊருப் பேச்சு காதுல விழுந்தா மனுஷங்களுக்கு மனசு இளகிடும். பாக்க வந்தவங்க கூட ஒரு புடவை எடுத்துக்கினு போவாங்க.

உன்னையும் அப்படித்தானே மடக்கப் பாத்தேன். ஒரகடத்துல கம்பெனி வேலை பாத்துக்கினு இருந்த நீ, கூட வேலை பாக்குற பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த. திருநெல்வேலின்னு சொன்னதும், "வாலே, உக்காருலே"ன்னு அள்ளி விட்டேன். நீ சிரிச்ச சிரிப்புல கல்லாவுல இருந்தவரே எட்டிப் பாத்தாரு. "பொம்பளப் பிள்ளைய யாராது 'லே'ம்பாகளா? ஒமக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு?" அங்கயே நான் காலி.

கல்யாணத்துக்கு அப்புறம் நீதான் எனக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்ததும் "இதை எப்படிச் சொல்லுவீங்க, அதை எப்படிச் சொல்லுவீங்க"ன்னு கேப்பேன். நீ அடுப்புல ஒரு கண்ணை வச்சிக்கினே சொல்லித் தருவ. பக்கத்து வீட்டுல என்னைப் பத்திப் பேசறப்போ பேரைச் சொல்ல மாட்ட. "அவுக குளிக்காக, அவுக இன்னும் வரல." எனக்கு அது அவ்ளோ புடிக்கும்.

அந்த நாளை நீயும் மறந்திருக்க மாட்ட. உனக்கு ஏழாம் மாசம். நான் மறந்துட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கினு பஸ் ஏறி வந்திருக்க. அப்போதான் ஒரு திருநெல்வேலிக் கல்யாண கோஷ்டி பெரிய வியாபாரம் பண்ணிட்டுப் போச்சு. கூட இருந்த பசங்க "எப்படிண்ணா இதெல்லாம்"னு கேட்டானுங்க. நான் மெத்தை மேல ஏறி நின்னு, ஒரு புடவையைத் தோள்ல போட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கினு, வயித்தை முன்னாடி தள்ளிக்கினு, "ஏங்க, மேலு வலிக்கு, செத்த காலைப் பிடிங்க"ன்னு ஆடிக் காட்டினேன். வந்தவங்களை இல்ல இசக்கி, உன்னை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. திரும்பிப் பாத்தா நீ கேரியரைக் கீழ வச்சிக்கினு இருக்க.

நீ சண்டை போடல. மறுநாள் காலையில "டிபன் ரெடியா இருக்குது, வந்து சாப்பிடுப்பா"ன்ன. பக்கத்து வீட்டுல பேசறப்போ 'அவுக' போயி நான் 'அவரு' ஆயிட்டேன். நான் ஒரு மடையன், சந்தோஷம்கூடப் பட்டேன். "பரவால்லியே, காஞ்சிபுரத்துப் பொண்ணாவே ஆயிட்ட"ன்னேன். நீ திரும்பிக்கூடப் பாக்காம "ஆமாம்பா"ன்ன. அந்த 'ஆமாம்பா'வுக்கு என்ன அர்த்தம்னு நான் ஏன் கேக்கல?

கயல் பொறந்து பதினொரு மாசத்துல உனக்குக் காய்ச்சல். மூணே நாள். கடைசியா தண்ணி கேட்டப்போகூட எங்க ஊருப் பேச்சுலதான் கேட்ட.

அதுக்கு அப்புறம் இந்த வீட்டுல உன் பேச்சைப் பேச யாரும் இல்ல. உங்கம்மாவும் அப்பாவும் உன் காரியத்துக்கு வந்துட்டுப் போனவங்கதான், போன்கூடக் கிடையாது. கடைக்குத் தெற்கத்திக்காரங்க வந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது, வேற ஆளைத் தள்ளி விட்டுடறேன்.

கயலுக்குப் பேச்சு லேட்டாத்தான் வந்துச்சு. ஆயா, தா, வேணாம், அவ்ளோதான். போன மாசம் படியில இடறி விழுந்தா. எங்கம்மா ஓடிப் போயித் தூக்கினாங்க. அவங்ககிட்ட குழந்தை "மேலு வலிக்கு"ன்னு சொல்லிச்சாம், உடம்பு வலிக்குதுன்னு இல்ல. நான் வந்ததும் வராததுமா அம்மா, "இன்னாடா இது, யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னாங்க. டிவியில கேட்டிருக்கும்னு சொல்லி மழுப்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு வண்டிய ஸ்டார்ட் பண்றேன், கேட்டைப் புடிச்சிக்கினு குழந்தை சொல்லுது: "சூதானமா போங்க." வண்டிய ஆஃப் பண்ணிட்டேன். முதல் வருஷம் முழுக்க நீ அந்தக் கேட்டுல நின்னு சொன்னது அதானே? எந்த டிவியில வரும் இது?

அம்மா முடிவே பண்ணிட்டாங்க. "இசக்கி வந்துக்கினு போய்க்கினு இருக்கா. பாலாத்துக்கு அந்தாண்ட குறி சொல்ற அம்மா இருக்குது. வெள்ளிக்கிழமை குழந்தையத் தூக்கிக்கினு போயி, அவளை நல்லபடியா அனுப்பி வச்சிடலாம்ப்பா." வந்தது நீயில்லன்னா குழந்தைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயம். நீதான்னா, உன்னை ரெண்டாவது தடவை எப்படிடி வாயை அடைச்சு அனுப்புவேன்?

இந்தப் பேச்செல்லாம் புதன்கிழமை சாயந்திரம்தான் ஜாஸ்தியா இருக்குதுன்னு அம்மா ஒண்ணு சொன்னாங்க. புதன்கிழமை எனக்கு லீவு. சாப்பிட்டுட்டு மத்தியானம் நானும் கயலும் படுப்போம். அதனால இந்தப் புதன்கிழமை போனை அலமாரியில பவுடர் டப்பாவுக்குச் சாச்சு வச்சு, வீடியோவை ஓட விட்டுட்டுப் படுத்தேன். குழந்தை தானா என்ன பேசுதுன்னு பாக்கலாம்னுதான்.

சாயந்திரம் நானும் அம்மாவும் உக்காந்து பாத்தோம். ரொம்ப நேரம் ஃபேன் சத்தம். நான் மல்லாந்து தூங்கிக்கினு இருக்குறேன், கயல் என் சட்டைப் பட்டனைத் திருகிக்கினு இருக்குது. அப்போ ஒரு குரல், "ஏட்டி, கண்ண மூடுதியா இல்லியா?"

அம்மா பொசுக்குன்னு வாசப்பக்கம் திரும்பிட்டாங்க. வாசல்ல யாரும் இல்ல. வீடியோவுல என் உதடுதான் அசையுது. கண்ணு மூடியே இருக்குது. நான் கடையில இழுத்து இழுத்து ஆடிக் காட்டின குரல் இல்ல அது. அடுப்புல ஒரு கண்ணை வச்சிக்கினு சொல்ற, உன்னோட சாதாரணக் குரல். கயல் திடுக்கிடக்கூட இல்ல. வாரா வாரம் நடக்குற மாதிரி கைய என் கழுத்துல போட்டுக்கினு கேக்குது:

"எம்மா, அப்பா எங்க?"

"கடைக்குப் போயிருக்காக. வெரசா வந்துருவாக. நீ உறங்கு."

அம்மா போனை வாங்கிக் கவுத்து வச்சாங்க. "குழந்தையக் கூட்டிக்கினு போக வேணாம்ப்பா"ன்னாங்க. "அப்போ என்னை?"ன்னேன். "அவளை அனுப்பிட்டா, குழந்தை கேக்குறதுக்கு யாருடா பதில் சொல்றது?"ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க.

மறுநாள் உங்கம்மாவுக்குப் போன் பண்ணேன். நான் கடைக்குப் போனதும் நீ தினம் கயலை மடியில போட்டுக்கினு அவங்ககிட்ட போன்ல மணிக்கணக்கா உங்க பேச்சு பேசுவியாமே. எனக்குத் தெரியவே தெரியாதே. குழந்தை காதுல அது தங்கியிருக்கும், சரி. என் வாய்க்கு எப்படி வந்துச்சு? அதைத்தான் அத்தைகிட்ட கேட்டேன். அவங்க, "மாப்ள, இப்பமும் நீங்க அவளக் கணக்காத்தான் பேசுதீக"ன்னு சொல்லி அழுதாங்க. அந்தப் போன்ல நான் எங்க ஊருப் பேச்சு பேசறதாத்தான் நினைச்சிக்கினு இருந்தேன் இசக்கி.

பயமா இருக்குதா? இருக்குது. ஆனா அந்தக் குரலைவிட, அது சொன்ன பதில்தான் என்னை விடமாட்டேங்குது. பக்கத்துலயே படுத்திருக்கேன், என் கழுத்துலதான் குழந்தை கை இருக்குது. உன் பேச்சுல கேட்டா மட்டும் நான் இன்னும் கடையிலதான் இருக்குறேன். அந்த மெத்தை மேல, வயித்தைத் தள்ளிக்கினு, ஆடிக்கினு.

இனிமே உன் பேச்சை விக்க மாட்டேன். திருநெல்வேலிக்காரங்க வந்தா எங்க ஊரு மாதிரியே "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லிட்டுப் புடவையைப் பிரிப்பேன். வீட்டுல மட்டும், முழிச்சிக்கினே, குழந்தைகிட்ட உன் பேச்சைப் பேசிப் பழகப் போறேன். தப்பா பேசினா அவ திருத்தட்டும். முழிச்சிக்கினே நான் பேசிட்டா, புதன்கிழமை நீ வராம போயிடுவியா?

போனாலும் போ, வந்தாலும் வா. வெரசா வந்துருவாகன்னு குழந்தைக்கு நீ ஒரு வாக்கு குடுத்திருக்க. அதைப் பொய்யாக்க மாட்டேன். கடையில இருந்து கிளம்பிட்டேன்னு அவகிட்ட சொல்லு.

இப்படிக்கு,
கயலோட அப்பா,
உன்னோட அவுக.