பின்சீட்டில் கேட்ட பேச்சு

ஜூன் 3
மழை. வைப்பர் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றச் சொல்ல வேண்டும். அதிகாரி பின்சீட்டில் போனில் பேசிக்கொண்டே வந்தார். உணவு விலை வாரியத்தில் அவர் பெரிய ஆள். நான் அவருடைய டிரைவர். டிரைவருக்குக் காது கிடையாது என்பது அவருடைய நம்பிக்கை.

"பால்மாவுக்கு நாம வச்சிருக்கிற விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டா விலை ரெண்டு மடங்காயிடுமே சார்," என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, எனக்குக் கேட்கவில்லை. "சரி சார், சரி" என்று வைத்துவிட்டார்.

என் மனைவிக்குத் தாய்ப்பால் இல்லை. குட்டிக்கு நாலு மாதம், மாவுப்பால்தான் உயிர். இரண்டு மடங்கென்றால் நான் எங்கே போவேன்?

ஜூன் 4
மூலைக் கடையில் ஒரு பெட்டி பால்மாவு வாங்கினேன், பன்னிரண்டு டின். "என்னண்ணே, ரெட்டைக் குழந்தையா?" என்று கடைக்காரர் கிண்டலடித்தார். சிரித்து மழுப்பினேன். படியேறும்போது கீழ்வீட்டுத் தையற்காரர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் விலை வாரியத்து டிரைவர் என்று தெருவுக்கே தெரியும். கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஜூன் 5
மூலைக் கடையில் பால்மாவு இல்லை.

ஜூன் 7
எங்கேயுமே இல்லை. கடை வாசல்களில் தள்ளுமுள்ளு. டிவியில் ஒரு அம்மா கத்தினாள்: "விலை வாரியத்துல வேலை பாக்குற ஆளே பெட்டி பெட்டியா வாங்கிட்டாராம்! அவருக்குத் தெரியாததா?"

பெட்டி பெட்டியாவா? ஒரே ஒரு பெட்டி! டிவியை அணைத்தேன். மனைவி பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். வேலை போய்விடுமா? போலீஸ் வருமா? யாராவது கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

ஜூன் 9
அதிகாரி போனில் கத்தினார். "கட்டுப்பாட்டை எடுக்கறதில்லைன்னு நீங்கதானே சார் அன்னைக்கு முடிவா சொன்னீங்க? நானும் சரின்னேன். இப்ப கடையெல்லாம் காலி. ஜனங்க இப்படி அடிச்சுக்கிறதைப் பாத்துட்டு எந்தக் கம்பெனி பழைய விலைக்குச் சரக்கு அனுப்புவான்? எடுத்துத்தான் ஆகணும்."

எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு. எனக்குக் கேட்காத பாதி அதுதான். ஐயோ — நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். பின்னால் ஒரே ஹாரன்.

"உடம்பு சரியில்லையாப்பா?" என்றார் அதிகாரி. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஜூன் 12
கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். சரக்கு வந்துவிட்டது, சொன்னபடி இரண்டு மடங்கு விலையில். தையற்காரர் வீட்டிலும் கைக்குழந்தை. மனசு கேட்காமல் இரண்டு டின் கொண்டுபோனேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வச்சுக்குங்க சார். அன்னைக்கு உங்களைப் பாத்துட்டுத்தான் நானும் ஓடிப்போய் வாங்கிப் போட்டேன். எதிர்வீட்டுக் குழந்தைக்குத்தான் பாவம், மாவு பத்தாம தண்ணிய ஊத்தி ஊத்திக் கரைக்கிறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்து எது சார்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

கண்ணடித்தார். "சொல்ல மாட்டீங்க. புரியுது."

அந்த இரண்டு டின்னையும் எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.

ஜூன் 15
வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. மூலைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் எடுத்தேன். பின்னால் நின்றவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் உப்பு எடுத்தார், மூன்று பாக்கெட். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா, உள்ளே மூட்டையாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டாள்.